பாசறையும் பட்டிதொட்டியும்

தாயகத்தை விட்டு வந்து தலைநகரில் குடியேறிய தமிழராகிய நமக்கு, ஊரிலிருந்து வரும் ஒரு சொல்லைக் காட்டிலும் அரிய பொருள் வேறொன்று இருந்ததில்லை. கரோல்பாக்கிலும் லோதி காலனியிலும் ஆர். கே. புரத்திலும் வாழ்ந்த நம் பெரியோர் தபாற்காரர் வரும் வேளையை அறிந்து வாயிற்படியில் நின்றனர். அவசரம் என்றால் தந்தி. தந்தி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் வீட்டிலுள்ள பெண்டிர் கண்கலங்கியதும் உண்டு. தாயின் குரலையே கேட்டாக வேண்டும் என்ற நிலை வந்தால், ஜன்பத் சாலையில் உள்ள ஈஸ்டர்ன் கோர்ட்டுக்குச் சென்று டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். சாதாரண அழைப்பு, அவசர அழைப்பு, 'லைட்னிங்' என்னும் மின்னல் அழைப்பு என மூவகை இருந்தன. மின்னலுக்கு எட்டு மடங்கு கட்டணம். மறுமுனையிலோ ஊருக்கெல்லாம் ஒரே தொலைபேசி. அதுவும் மளிகைக் கடையிலோ மிராசுதார் வீட்டிலோ இருக்கும். 'பி. பி. நம்பர்' என்று நாம் கடிதத் தலைப்பில் எழுதியது அதைத்தான்.

இந்த நிலை எவ்வாறு மாறியது? மாற்றியவர் யாவர்? இதை ஆராயப் புகுவோமாயின், நாம் எதிர்பாராத ஓரிடத்திற்குச் சென்று சேர்கிறோம். அவ்விடம் இராணுவப் பாசறை. படைக்கென ஆக்கிய ஒரு தொழில்நுட்பமும் அதனை ஆக்கியவருள் சிலரும் பாசறையை விட்டுப் பொதுமக்களின் வீதிக்கு வந்த வரலாறே அது. அந்த வரலாற்றின் முக்கியமான கட்டம் நிகழ்ந்தது நாம் வாழும் இந்த டில்லி மாநகரில் என்பதால், அதனை அறிந்துகொள்ளும் உரிமை நமக்குச் சற்று மிகுதியாகவே உண்டு.

1962-ஆம் ஆண்டில் இமயத்தின் எல்லையில் நேர்ந்த போர் நம் நாட்டை உலுக்கிற்று. வீரத்தில் நம் படைகள் குறைந்தவை அல்ல. ஆனால் செய்தியைக் கடத்துவதிலும், வானத்தைக் கண்காணிப்பதிலும், மின்னணுக் கருவிகளைத் தாமே ஆக்கிக் கொள்வதிலும் நாடு பின்தங்கியிருந்தது வெளிப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே, 1963-இல், டாக்டர் ஹோமி பாபாவின் தலைமையில் மின்னணுத் தொழில் பற்றி ஆராய ஒரு குழுவை அரசாங்கம் அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 1966-இல் வெளிவந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே பாபா விமான விபத்தில் மறைந்துவிட்டார். எனினும் அவர் விதைத்தது முளைத்தது. 1970-இல் மின்னணுத் துறை தனி இலாகாவாயிற்று. 1971-இல் மின்னணு ஆணையம் தோன்றியது.

பாபா நிறுவிய பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் இவ்வேளையில் முன்னணியில் நின்றது. நாட்டிலேயே ஆக்கிய முதற் கணிப்பொறிகளுள் ஒன்றான 'டிஃப்ராக்' அங்கேதான் உருவாயிற்று. அதனை ஆக்கிய குழுவிற்குத் தலைமை தாங்கியவர் சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற டாக்டர் ஆர். நரசிம்மன் என்பதை நாம் பெருமையுடன் நினைவு கூரலாம். அடிப்படை விஞ்ஞானத்திற்காக எழுந்த அந்நிலையம், போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பாதுகாப்புத் துறையின் தேவைகளுக்கும் உழைத்தது. அவற்றுள் ஒன்றே நம் கதையின் வித்து.

படையின் செய்திப் போக்குவரத்தைக் கவனிப்பது 'சிக்னல்ஸ்' என்னும் பிரிவு. 1911-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15-ஆம் நாள் தோன்றிய பழம்பெரும் பிரிவு அது. களத்தில் படை ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்று ஒரு மேட்டில், நாளை ஓர் ஆற்றங்கரையில். அது செல்லுமிடமெல்லாம் தொலைபேசியும் உடன் செல்ல வேண்டும். ஓர் இணைப்பகம் குண்டுக்கு இரையானால், பேச்சு வேறு வழியாகச் சுற்றிச் சென்று சேர வேண்டும். இதற்காக வலைபோல் பின்னிய ஒரு புதிய அமைப்பை நம் இராணுவம் திட்டமிட்டது. 'ஏரன்' என்பது அதன் பெயர். அதற்குத் தேவையான, தானே இயங்கும் மின்னணு இணைப்புக் கருவியை 1970-களில் டாட்டா நிலையத்தின் செய்தித் தொடர்புக் குழு உருவாக்கியது. அக்குழுவின் தலைவர் எம். வி. பிட்கே.

இக்கருவியின் புதுமை யாது? நம் பழைய இணைப்பகங்களில் இரும்பும் பித்தளையும் அசைந்தன. எண்ணைச் சுழற்றும்போது 'ஸ்ட்ரௌஜர்' யந்திரத்தின் விரல்கள் மேலேறி, பக்கவாட்டில் திரும்பி, உரிய கம்பியைத் தொட்டன. பின்னர் வந்த 'கிராஸ்பார்' யந்திரமும் அசையும் உறுப்புகளைக் கொண்டதே. தூசும் ஈரமும் அவற்றின் பகைவர். மின்னணு இணைப்பகத்திலோ அசைவன எவையும் இல்லை. பேசுபவரின் குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக மாற்றி, அந்த எண்களை உரிய வாயிலுக்குச் செலுத்துவது இன்றைய இணைப்பகத்தின் முறை. எந்த எண் எந்த வாயிலுக்கு என்பதைத் தீர்மானிப்பது உள்ளே எழுதி வைத்த ஆணைத் தொடர். அதையே இன்று மென்பொருள் என்கிறோம். ஆகவே தொலைபேசி இணைப்பகம் என்பது உண்மையில் ஒரு கணிப்பொறியே. அதனை ஆக்கத் தெரிந்தவர் கணிப்பொறி அறிந்தவரே.

இவ்வறிவு பாசறைக்குள் இருந்தது. நாட்டு மக்களோ தொலைபேசி வேண்டி விண்ணப்பம் எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தனர். புதிய இணைப்பகங்களுக்கு அயல்நாட்டு நுட்பத்தை விலைக்கு வாங்குவதே வழி என்று பலர் கருதினர். உத்தரப் பிரதேசத்து மன்காப்பூரில் பிரெஞ்சு நுட்பத்தைக் கொண்டு தொழிற்சாலையும் எழுந்தது. ஆனால் அந்த யந்திரங்கள் பெருநகரங்களுக்கு ஏற்றவை. பத்தாயிரம் இணைப்புகள் வேண்டுமென்றால் அவை பயன்படும். நூறு இணைப்பு வேண்டும் சிற்றூருக்கு அவை எட்டாக் கனி.

இந்நிலையில் 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் டில்லியில் 'ஸி-டாட்' என்னும் தொலைத்தொடர்பு வளர்ச்சி மையம் பதிவாயிற்று. அமெரிக்காவில் இணைப்பகத் தொழிலில் தேர்ந்து திரும்பிய சாம் பிட்ரோடா ஆலோசகராக அமைந்தார். தொலைபேசி இலாகாவின் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஜி. பி. மீமாம்ஸி நிர்வாக இயக்குநரானார். பம்பாயிலிருந்து பிட்கேயும், அவருடன் இராணுவ இணைப்பியில் உழைத்த பொறியாளர் குழுவும் வந்து சேர்ந்தனர். சாணக்யபுரியில் அக்பர் ஹோட்டல் கட்டடத்தில் வேலை தொடங்கிற்று. முப்பத்தாறு மாதம், முப்பத்தாறு கோடி ரூபாய் என்பது அவர்கள் நாட்டுக்கு அளித்த வாக்கு. கல்லூரியை விட்டு அப்போதுதான் வெளிவந்த நூற்றுக்கணக்கான இளைஞர் சேர்ந்தனர்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். படைக்காக ஒரு பொருளைச் செய்பவர், பொதுமக்களுக்காக அதே பொருளைச் செய்யப் புகும்போது எவை மாறுகின்றன? முதலாவது, விலை. படைக்குக் கருவி வேண்டும். அது எத்துணை விலையாயினும் வேண்டும். பஞ்சாயத்து ஊருக்கோ ஒவ்வொரு ரூபாயும் கணக்கு. இரண்டாவது, பழுது பார்ப்போர். படையில் பயிற்சி பெற்ற சிப்பாய் இரவும் பகலும் கருவியின் அருகில் இருப்பார். சிற்றூர் இணைப்பகத்தில் ஒரே ஊழியர், அவரும் பல ஊர்களைப் பார்த்துக் கொள்பவர். மூன்றாவது, இரகசியம். படைக்கருவியின் படத்தை வெளியே காட்டுவது குற்றம். ஸி-டாட்டின் நுட்பத்தையோ பல தொழிற்சாலைகளுக்கும் கற்றுக் கொடுத்துப் பலரும் அதனை ஆக்கச் செய்வதே நோக்கமாயிற்று. மூடிய கையைத் திறக்கப் பழகுவது எளிதன்று.

மாறாதவையும் உண்டு. வெயிலும் தூசும் மாறவில்லை. மின்சாரம் நின்று போவதும் மாறவில்லை. குளிர்சாதன அறையில் வைத்தாலன்றி இயங்கமாட்டேன் என்று அடம் பிடிக்கும் யந்திரம் பாலைவனப் பாசறைக்கும் உதவாது, இராமநாதபுரம் சீமைக்கும் உதவாது. ஸி-டாட் ஆக்கிய 128 வாயில்கள் கொண்ட சிற்றூர் இணைப்பகம் குளிர்சாதனம் இன்றியே இயங்குமாறு அமைந்தது. 1986-ஆம் ஆண்டில் கர்நாடகத்துக் கிட்டூரில் அது முதன்முதல் மக்கள் பணிக்கு வந்தது. ராணி சென்னம்மா ஆங்கிலேயரை எதிர்த்து வாளேந்திய அதே கிட்டூர்.

உண்மையை மறைத்தல் தகாது. சிற்றூர் இணைப்பகத்தில் பெற்ற வெற்றி, பெருநகர் இணைப்பகத்தில் குறித்த காலத்தில் கிட்டவில்லை. முப்பத்தாறு மாதம் கழிந்த பின்னும் பெரிய யந்திரம் முற்றுப் பெறவில்லை. கேள்விகள் எழுந்தன, சச்சரவுகள் மூண்டன. ஆயினும் அந்தச் சிறு பெட்டி ஆயிரக்கணக்கான ஊர்களுக்குச் சென்றது. அதன் பின்னே மஞ்சள் பலகையிட்ட எஸ். டி. டி. கடைகள் தெருமுனைதோறும் தோன்றின. ஈஸ்டர்ன் கோர்ட்டில் காத்திருந்த நாம், இரவு கட்டணம் குறையும் வேளை பார்த்து அக்கடைகளில் வரிசையில் நின்றோம். கண்ணாடிக் கூண்டிற்குள் நின்று, சிவப்பு எழுத்தில் ஏறும் ரூபாயைப் பார்த்துக் கொண்டே, தாயிடம் பேரனின் பல் முளைத்த செய்தியைச் சொன்னோம். அக்கடைகளை ஒதுக்கியபோது உடல் ஊனமுற்றோருக்கும் முன்னாள் படைவீரருக்கும் முன்னுரிமை இருந்தது. பாசறையிலிருந்து ஒரு நுட்பம் வந்தது, அதன் பயனை விற்க அமர்ந்தவருள்ளும் பாசறையிலிருந்து வந்த வீரர் இருந்தனர்.

பாசறையிலிருந்து பொதுவாழ்விற்கு அறிவு இறங்கி வருவது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவில் கிரேஸ் ஹாப்பர் என்னும் கணிதப் பேராசிரியை 1943-இல் கடற்படையில் சேர்ந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கடற்படைக்காக இயங்கிய 'மார்க்-1' கணிப்பொறிக்கு ஆணைகள் எழுதினார். போர் முடிந்தபின் 1949-இல் வணிகக் கணிப்பொறி செய்யும் நிறுவனமொன்றில் சேர்ந்தார். மனிதர் எழுதும் சொல்லை யந்திரம் அறியும் எண்ணாக மாற்றும் முறையை 1952-இல் ஆக்கினார். வங்கிகளும் அலுவலகங்களும் நெடுங்காலம் பயன்படுத்திய 'கோபால்' மொழி அவர் வழியில் பிறந்ததே.

அந்நாட்டில் பகைவர் விமானத்தைக் கண்டறிய 1950-களில் 'ஸேஜ்' என்னும் பேரமைப்பு எழுந்தது. தொலைவிலுள்ள பல ராடார் நிலையங்களின் செய்தியை ஒரு கணிப்பொறி உடனுக்குடன் பெற்று விடையளிக்க வேண்டும் என்பது அதன் தேவை. அந்தப் பணியில் தேர்ந்த ஐ. பி. எம். நிறுவனம், விமானப் பயணச் சீட்டுப் பதிவிற்காக 'ஸேபர்' என்னும் அமைப்பை அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு ஆக்கிக் கொடுத்தது. 1964-இல் அது முழுமை பெற்றது. பகை விமானம் எங்கே என்று கேட்ட கணிப்பொறிக் கலை, காலி இருக்கை எங்கே என்று கேட்கலாயிற்று.

காலி இருக்கையைப் பற்றி நமக்கா சொல்ல வேண்டும்? ஜி. டி. எக்ஸ்பிரஸிலும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் கோடை விடுமுறைக்கு இடம் பிடிக்க, நள்ளிரவிலேயே சென்று துண்டு விரித்து வரிசையில் படுத்தவர் நாம். ஸி. எம். ஸி. என்னும் அரசு நிறுவனம் ஆக்கிய கணிப்பொறிப் பதிவு முறை 1985-86-இல் புது டில்லியில்தான் முதலில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் சென்னை முதலிய மையங்களுக்கும் பரவி, 1999-இல் ஐந்து மையங்களும் ஒன்றாய் இணைந்தன. எந்த ஊரில் இருந்துகொண்டும் எந்த ஊர்ப் பயணத்திற்கும் சீட்டுப் பெறும் வசதி அவ்வாறு வந்தது.

இதுகாறும் பெருந்திட்டங்களைப் பற்றிப் பேசினோம். தனி மனிதனைப் பற்றிப் பேசாவிடில் வரலாறு நிறைவு பெறாது. நம் நாட்டுப் படைகளிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் ஓய்வு பெறுகின்றனர். அவருள் பெரும்பாலோர் நாற்பதை ஒட்டிய வயதினர். பதினெட்டு வயதில் மதுரைப் பக்கத்திலிருந்தோ வேலூர்ப் பக்கத்திலிருந்தோ படையில் சேர்ந்த ஒருவரை எண்ணிப் பார்ப்போம். ஜாலஹள்ளியிலோ ஜபல்பூரிலோ செகந்தராபாத்திலோ பயிற்சி பெற்று, ராடாரையும் வானொலிக் கருவியையும் பழுது பார்க்கக் கற்றவர் அவர். எல்லைப்புறத்தில் பல ஆண்டு கழித்து, கடைசியில் டில்லி கண்டோன்மெண்டிற்கு மாற்றலாகி வருகிறார். இரு குழந்தைகளும் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படிக்கின்றனர். சீருடையைக் கழற்றி வைக்கும் நாள் வருகிறது. ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே வேலை தேடுவதா?

கணிப்பொறி நிறுவனத்திற்கு அவர் விண்ணப்பிக்கிறார். என்ன செய்தீர் என்று கேட்கின்றனர். அவர் செய்தவற்றுள் பாதியைச் சொல்லலாகாது. 1923-ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம் சீருடையைக் கழற்றிய பின்னும் அவரைக் கட்டுப்படுத்தும். என்ன பட்டம் பெற்றீர் என்று அடுத்து கேட்கின்றனர். படை அளித்த தொழிற்சான்று எதற்குச் சமம் என்பது கேட்பவருக்குத் தெரியாது. இருபது பேரை வழிநடத்திய சுபேதார், இருபத்தைந்து வயது மேலாளரிடம் விளக்கம் சொல்லி நிற்க நேர்கிறது. இது அவமானம் அன்று. எனினும் மனத்தில் தைக்கும் முள் என்பதை மறுப்பதற்கில்லை. இவ்வாறு தயங்கி நின்ற பலர், மின்னணுக் கலையில் தேர்ந்திருந்தும் கட்டட வாயிலில் காவலராக அமர்ந்துவிட்டனர். காவற்பணி இழிந்ததன்று. ஆனால் ராடாரின் நோயறிந்த கைக்கு வாயிற்கதவை மட்டும் கொடுப்பது நாட்டுக்கு நட்டம்.

அரசாங்கம் இதனை அறியாமல் இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் ஆர். கே. புரத்தில் இயங்கும் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம், ஓய்வு பெறுவதற்கு முன்பே கணிப்பொறி உள்ளிட்ட தொழில்களில் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறது. மெட்ரிகுலேஷன் தேறிப் பதினைந்து ஆண்டு பணியாற்றிய முன்னாள் வீரரை, மத்திய அரசின் சில பதவிகளுக்குப் பட்டதாரிக்கு நிகராகக் கருதவும் விதி உண்டு. தமிழ்நாட்டு மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உள்ளன. வழி இருக்கிறது. அதனை உரிய காலத்தில் அறிவதே அரிது. ஓய்வு பெற்ற மறுநாள் தேடத் தொடங்குபவர் காலந்தாழ்த்தியவர். ஈராண்டு முன்பே தொடங்குபவர் கரையேறுகிறார்.

பிட்கே குழுவினரின் வரலாறு இவ்வீரருக்குக் கூறும் பாடம் யாது? அவர்கள் பாசறைக் கருவியை அப்படியே தூக்கி வந்து கிட்டூரில் வைக்கவில்லை. கருவி பாசறைக்கு உரியது. அதனைச் செய்ததால் பெற்ற அறிவு அவர்களுக்கு உரியது. இரண்டையும் பிரித்து அறிந்ததே அவர்கள் திறம். அவ்வாறே ஓய்வு பெறும் வீரரும், இரகசியத்தை இரகசியமாகவே காத்துக்கொண்டு, தம் கைவந்த கலையை மட்டும் பொதுமொழியில் எடுத்துரைக்கலாம். எந்த ராடார், எந்த எல்லை என்று சொல்ல வேண்டுவதில்லை. பழுதை எவ்வாறு படிப்படியாகத் தேடிக் கண்டேன், மின்சாரம் அற்ற இடத்தில் கருவியை எவ்வாறு இயங்கச் செய்தேன், புதிதாய் வந்தவர்க்கு எவ்வாறு கற்பித்தேன் என்று சொல்லலாம். இவை எந்த நிறுவனத்திற்கும் வேண்டிய திறமைகள்.

காலம் நில்லாது ஓடுகிறது. தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நின்றுவிட்டது. மஞ்சள் பலகைக் கடைகளும் மறைந்தன. அனைவர் சட்டைப் பையிலும் தொலைபேசி உள்ளது. தாயின் குரலை மட்டுமன்று, முகத்தையும் நாம் காண்கிறோம். இந்த வசதியின் அடியில் 1962-இன் துயரமும், அதிலிருந்து எழுந்த உழைப்பும், பாசறையிலிருந்து சாணக்யபுரிக்கு வந்த ஒரு சிறு குழுவின் துணிவும் கிடக்கின்றன என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்வது நம் கடமை.

இன்னொரு கடமையும் உண்டு. நம் அடுக்குமாடியின் வாயிலில் முன்னாள் படைவீரர் ஒருவர் அமர்ந்திருப்பாராயின், கதவைத் திறந்துவிட்டதற்கு நன்றி சொல்வதோடு நில்லாமல், படையில் என்ன பணி செய்தீர்கள், ஐயா, என்று ஒரு நாள் கேட்போம். அவர் சொல்லும் விடை நம்மை வியப்பில் ஆழ்த்தக் கூடும். நம்முள் எவருக்கேனும் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பு இருப்பின், அந்த விடையால் ஒரு குடும்பம் நிமிரவும் கூடும்.